அறுநூற்றேழாம் கட்டுக்குக் காய்ச்சல்

சித்திரை பிறந்த நாலாம் நாள் காலை, கீழமருதங்குடி வைக்கோல் களத்தில் படுதா போட்டு அடுக்கியிருந்த எட்டாயிரம் உருளைக் கட்டுகளில் அறுநூற்றேழாம் எண் கட்டு மட்டும், தான் அந்தக் களத்திலேயே இல்லை என்றும், வடக்கே எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி, கர்நாடகத்தில் சிந்தனூர்ப் பக்கம் ஒரு நெல் வயலில் மேற்கும் கிழக்குமாகப் போய் வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னது.

சொன்னது என்றால் வாயால் இல்லை. ஒவ்வொரு கட்டின் கயிற்றிலும் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் வில்லை ஒன்று கோத்திருக்கும். கட்டு எந்த வயலில் சுருட்டியது, எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு, இப்போது எங்கே கிடக்கிறது என்பதையெல்லாம் அந்த வில்லை களத்து நடுவில் நிற்கும் கம்பத்துக்குக் காற்றிலேயே அனுப்ப, கம்பம் அதைக் களத்து மேற்பார்வையாளர் ஜபருல்லாவின் போனுக்கு அனுப்பும். ஈர வைக்கோல் அடுக்குக்குள் புழுங்கிப் புழுங்கித் தானாகவே தீப்பிடித்துவிடும் என்பதால், காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, பொழுது சாய்வதற்குள் ஒரு தடவை சூடு பார்ப்பதுதான் ஜபருல்லாவின் முக்கியமான வேலை. ஐம்பத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, முன்னே ரைஸ் மில்லில் இருந்தவர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி அறியாதவர். மற்றக் கட்டுகள் எல்லாம் வெயிலோடு ஏறி வெயிலோடு இறங்கிக்கொண்டிருக்க, அறுநூற்றேழு மட்டும் விடிகாலையிலும் முப்பத்தாறு புள்ளி எட்டு, உச்சி வெயிலிலும் முப்பத்தாறு புள்ளி எட்டு என்று நின்றதைப் பார்த்து அவர் வில்லை கெட்டுவிட்டது என்று நினைத்தார். புது வில்லை மாட்டினார். புது வில்லையும் சிந்தனூர் என்றது. கழற்றிய பழைய வில்லையை வேறு கட்டில் மாட்டினார். அது சமர்த்தாகக் கீழமருதங்குடி என்றது.

அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அந்தக் கட்டைத் தூக்கித் தனியே வைத்தபோது, களத்தில் படுதா இழுத்துக் கட்டும் வேலைக்கு வந்திருந்த தையல்நாயகி அதன் மேல் யதேச்சையாகக் கையை ஊன்றினாள், ஊன்றிய கையை எடுக்கவில்லை.

"பாய், இது எங்க வீட்டுக்காரரு சூடு" என்றாள்.

அவள் வீட்டுக்காரன் உத்திராபதி, கட்டு சுருட்டும் மிஷினை ஓட்டுகிறவன். தை, மாசி இரண்டு மாதமும் ஊரைச் சுற்றியிருந்த வைக்கோலையெல்லாம் சுருட்டி, ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே வில்லை கோத்துவிட்டு, பங்குனிக் கடைசியில் முதலாளி ராஜமன்னாரின் டிராக்டரோடும் மிஷினோடும் வடக்கே அறுப்புக்குப் போயிருந்தான். ஜபருல்லா அவனுக்குப் போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்க, அவன் சொன்ன ஊரும், கால்வாயும், கால்வாய்க்குத் தெற்கே அவன் அன்று சுருட்டிக்கொண்டிருந்த வயலும் போனில் தெரிந்த புள்ளியோடு அப்படியே பொருந்தின.

ஏன் அந்தக் கட்டு, ஏன் அவன் என்று கேட்டவர்கள் ஊரில் அதிகம் பேர் இல்லை. சுருட்டிய அன்றைக்கு அமாவாசை என்று ஒருவர் சொன்னார், அன்றைக்குக் கடைசியாகக் கோத்த வில்லை என்று இன்னொருவர் சொன்னார், இரண்டு நாளில் அந்தப் பேச்சு அலுத்துப்போய், அவன் இப்போது என்ன செய்கிறான் என்ற பேச்சு தொடங்கியது. டீக்கடைக்கு வந்தவர்கள் முதலில் பேப்பரைப் பார்த்தார்கள், அப்புறம் களத்துக்குப் போய் அறுநூற்றேழைப் பார்த்தார்கள். புள்ளி ஓரிடத்தில் நின்றால் சாப்பிடுகிறான் என்றார்கள், சூடு துளி இறங்கினால் மர நிழலில் கண் அசந்துவிட்டான் என்றார்கள். கட்டை அடுக்கிலிருந்து எடுத்துக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, குளத்தங்கரைப் புங்கமரத்தடியில் வைத்ததும் யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவனுக்கு அங்கே வெயில் படாமல் இருக்கட்டும் என்று யாரோ நினைத்தார்கள், அவ்வளவுதான். மிதிக்கக் கூடாது, உட்காரக் கூடாது, பக்கத்தில் பீடி பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் தானாக ஏற்பட்டது. கால் மாற்றிக் கட்டிலில் சாய்ந்த ஒருவரை அவருடைய சம்பந்தியே எல்லோர் முன்னாலும் ஏசினார்.

தையல்நாயகி தினமும் மத்தியானம் போன் பண்ணுவாள்.

"ஏங்க, பதினோரு மணிக்கு முப்பத்தேழரை காட்டுச்சே, தலையில துண்டு கட்டலையா?"

"அடிப்பாவி, துண்டு அவுந்து விழுந்தது உனக்குத் தெரிஞ்சுபோச்சா? அந்தக் கட்டை மாட்டுக்குப் போட்டுத் தொலைங்கடி" என்பான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று.

பதின்மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் இருக்கும், மரத்தடியில் நாலைந்து பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கட்டிலில் கிடந்த கட்டு ஒரு தடவை எம்பி விழுந்தது. காற்று இல்லை. யாரும் தொடவில்லை. அதன் வலது ஓரத்தில், இறுகச் சுருண்டிருந்த வைக்கோல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ வாய் வைத்துக் கவ்வியதைப்போல ஒரு சாண் அகலத்துக்கு நசுங்கி உள்ளே போயிற்று. வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு மூச்சு அதிலிருந்து வந்ததைக் கேட்டவர்கள், பிறகு எத்தனையோ தடவை அதை வர்ணித்துப் பார்த்தும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ஓடிவந்த ஜபருல்லா போனைப் பார்த்தார். வயலில் இருந்த புள்ளி சாலைக்கு ஏறி, இருபது நிமிஷம் வேகமாக ஓடி, ஒரு கடைத்தெருவில் முக்கால் மணி நேரம் நின்று, அங்கிருந்து கிளம்பி, கால்வாய் ஓரத்தில் தெலுங்கர்கள் குடியேறிய ஒரு சிறிய கேம்ப்பில் போய் நின்றது. நின்றது நின்றதுதான். தையல்நாயகி போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது.

முதலாளி ராஜமன்னாருக்கு ஜபருல்லாவே பேசினார்.

"போன் வாய்க்கால்ல விழுந்துடுச்சு பாய். ஆளு நல்லா இருக்கான். நேத்துகூட என்கூடப் பேசினான்."

"நேத்து சரி முதலாளி. இன்னிக்கு?"

"இன்னிக்கும் நல்லாத்தான் இருப்பான். வேலையைப் பாருங்க."

மறுநாள் காலை முப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. அதற்கு மறுநாள் முப்பத்தொன்பது. வியாழன் மத்தியானம் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் பிலோமினா, மற்றவர்கள் வேடிக்கைக்கு வருவதுபோல வந்தவள், நசுங்கிய ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்து, அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கொதிப்பதை உணர்ந்து, நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தாள்.

"இது அடிபட்ட காய்ச்சல். புண்ணு சீழ் வைக்குது. வலது பக்கம், கையா இருக்கலாம். ஆஸ்பத்திரியில இருந்தா இந்நேரம் இறங்கியிருக்கணும்."

"அப்ப ஆஸ்பத்திரியில இல்லைங்கறீங்களா?" என்றாள் தையல்நாயகி.

பிலோமினா வீட்டுக்குப் போய்ப் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து கட்டின் மேல் போட்டாள். அன்றிலிருந்து மரத்தடியில் ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கியது, ஒரு நோட்டுப் புத்தகம் வந்தது, பிலோமினாவின் போனிலும் புள்ளியும் சூடும் தெரிய ஜபருல்லா வழி செய்தார், மணிக்கொரு தடவை அதில் சூடு எழுதப்பட்டது, தெருவுக்கு ஒரு வீடு என்று முறை வைத்து ஈரத்துணி மாற்றினார்கள். யாருடைய முறை வந்தாலும் கோயில் ஐயரிலிருந்து பள்ளிவாசல் தெருப் பெண்கள் வரைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு?

எல்லோரும் அப்படியே இருந்துவிடவில்லை. களத்துக்கு ஒட்டினாற்போல் இருந்த முதல் வீட்டுக்கார அம்மாள், ஒரு தடவை கூரை எரிந்து கட்டிய துணியோடு வெளியே நின்றவள், "உத்திராபதி எனக்கும் வேண்டிய பிள்ளைதான். ஆனா வெயிலுக்கு மாறா சூடேறுற கட்டு தீப்பிடிக்கும்னு நீங்கதானே பாய் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க? நாளைக்குத் தெருவே எரிஞ்சா எவன் வருவான்?" என்று கேட்டாள். காய்ச்சலா நெருப்பா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. கடைசியில் கட்டிலோடு தூக்கி, களத்துக்கும் தெருவுக்கும் எட்டாமல், குளத்தின் அக்கரையில் வெட்டவெளியில் நாலு கழி நட்டுக் கீற்று போட்டு அதன் கீழே வைத்தார்கள். தூக்கிய நாலு பேரும் குலுங்காமல் நடந்தார்கள். முதல் வீட்டுக்கார அம்மாளே முன்னால் போய் வழியில் கிடந்த கல்லை எல்லாம் காலால் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை காலை ராஜமன்னார் தானாகவே கூப்பிட்டார். ஏதோ கட்டு சூடாகிறதாமே என்றார். ஜபருல்லா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், சொல்லிக்கொண்டே வந்தவர் கேம்ப்பின் பெயரைச் சொன்னதும் ராஜமன்னார் குறுக்கே புகுந்தார். "தீப்பிடிக்கிற கட்டைக் களத்துல வெச்சிருக்கக் கூடாது பாய். நாளைக்கு டிராக்டர் அனுப்புறேன். தண்ணி டேங்கரும் வரும். ஊத்தி நனைச்சுக் கலைச்சு வயல்ல இறைச்சுடுங்க" என்றார்.

ஜபருல்லா போனை வைத்தார். வைக்கோல் தீப்பிடிக்க எழுபது வேண்டும். முப்பத்தொன்பதுக்கு எந்த முதலாளியும் டேங்கர் அனுப்பமாட்டான். அவர் தையல்நாயகியின் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி, அவனுக்கு என்னமோ ஆயிருக்கு. முதலாளிக்கு அது தெரியும். நீ இப்பவே கிளம்பு."

தையல்நாயகி அழவில்லை. மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, முன்பு லாரி ஓட்டியதில் கொஞ்சம் கன்னடம் தெரிந்த தன் அண்ணன் கலியபெருமாளையும் கூட்டிக்கொண்டு, பத்து மணி பஸ்ஸுக்கு ஓடினாள். டிரைவர் அவளைப் பார்த்ததும், நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். விஷயம் அவருக்கும் தெரியும். அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பஸ் மாறி, ரயில் ஏறி, மறுபடி பஸ் மாறிப் போகிற வழியெல்லாம் அவள் ஊருக்குப் போன் போட்டு ஒரே ஒரு சொல் கேட்டாள். "எவ்வளவு?" பிலோமினா சொல்வாள். முப்பத்தொன்பதரை. நாற்பது. நாற்பது புள்ளி ரெண்டு. ஒரு தடவை பிலோமினா சொல்லத் தயங்கியபோது, "குறைச்சுச் சொல்லாதீங்க சிஸ்டர், நான் தாங்குவேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு ராஜமன்னாரின் டிராக்டரும், தண்ணீர் டேங்கரும், காரில் ராஜமன்னாரும் வந்தார்கள். குளத்தைச் சுற்றிப் போக ஒரே வண்டிப்பாதை, அது களத்துக் கதவுக்குள் நுழைந்து பின்கதவு வழியாகத்தான் போகும். முன்கதவில் பூட்டுத் தொங்கியது. கதவுக்கு முன்னால் ஜபருல்லா நின்றார். அவருக்குப் பின்னால் ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். மீதிப் பாதி அக்கரையில் கட்டிலைச் சுற்றி நின்றது.

"சாவி எங்க பாய்?"

"தொலைஞ்சுபோச்சு முதலாளி" என்று சொல்ல வாயெடுத்த ஜபருல்லா, பொய் வராமல் சட்டைப் பையைத் தடவினார். பிறகு, "சாவி என் பையிலதான் இருக்கு. தரமாட்டேன்" என்றார். அவர் குரல் உயர்ந்ததை ஊர் அன்றைக்குத்தான் முதலில் கேட்டது.

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

"ஒரு வைக்கோல் கட்டுக்காகவா?"

"வைக்கோல் கட்டுன்னா நீங்க ஏன் முதலாளி இவ்வளவு தூரம் கார் எடுத்துக்கிட்டு வந்தீங்க?"

ராஜமன்னார் டிராக்டர்க்காரனைப் பார்த்தார். கதவை இடித்துத் தள்ளு என்று அதற்கு அர்த்தம். டிராக்டர்க்காரன் என்ஜினை உறுமவிட்டான், கதவுக்கு முன்னால் வந்து நின்ற முதல் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தான், மறுபடி முதலாளியைப் பார்த்தான். என்ஜின் உறுமிக்கொண்டே நின்றது, நகரவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கரையில் கட்டிலருகே நின்ற பிலோமினாவின் போன் அடித்தது.

எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், கால்வாய்க்கரைக் கேம்ப்பில், நெல் மூட்டை போடுகிற ஒரு கொட்டகையின் இரும்புக் கதவுக்கு முன்னால் தையல்நாயகி நின்றுகொண்டிருந்தாள். ஊரிலிருந்து அவள் போனுக்கு அனுப்பிய புள்ளி அந்தக் கதவுக்குப் பின்னால் காட்டியது. கொட்டகையைப் பார்த்துக்கொள்கிறவன், உள்ளே மூட்டைதான் இருக்கிறது, ஆள் யாரும் இல்லை, சாவி முதலாளியிடம் இருக்கிறது என்று கலியபெருமாளிடம் மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேம்ப்புப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு அவள் பேச்சு புரியவில்லை, அவர்கள் பேச்சு அவளுக்குப் புரியவில்லை. கதவைத் தட்டித் தட்டி அவள் கை சிவந்திருந்தது, உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"சிஸ்டர், உள்ள ஆளே இல்லைங்கிறாங்க. நான் இடம் மாறி வந்துட்டேனா? அவரு..." அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை.

"இருக்காரு" என்றாள் பிலோமினா. "நாப்பது புள்ளி ஆறு. உன் முன்னாலதான் இருக்காரு. நினைவு இல்ல, அதான் குரல் வரலை."

"நினைவு இல்லாதவரை நான் எப்படிக் கூப்பிடுவேன்? என் குரல் கதவைத் தாண்டிப் போகலையே."

பிலோமினா போனைக் காதோடு வைத்தபடி கட்டிலைப் பார்த்தாள். கட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் மண்டி போட்டு உட்கார்ந்தாள். நசுங்கிய ஓரத்தை விட்டு இடது பக்கமாக வைக்கோலில் வாயை வைத்து, "உத்திராபதி!" என்று அழைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் உரக்க அழைத்தாள். பக்கத்தில் நின்ற அவன் சித்தப்பா குனிந்து, "டேய் உத்திராபதி, எழுந்திருடா!" என்றார். அவனோடு படித்தவன் "மாப்ளே!" என்றான், தம்பி முறை உள்ளவர்கள் "அண்ணே!" என்றார்கள், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த தங்கச்சி முறைப் பெண் ஒருத்தி "அண்ணா, அண்ணா" என்று கையால் கட்டைத் தட்டினாள், அக்கரைச் சத்தம் கேட்டு இக்கரையில் நின்றவர்களும் நின்ற இடத்திலிருந்தே அவரவர் முறை சொல்லி அழைக்க, கீழமருதங்குடியில் அந்த உச்சிப் பொழுதில் ஒரே ஒரு ஆளை ஊரே அழைத்தது, குளத்துத் தண்ணீர் சிலிர்த்தது, மரத்துக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன, டிராக்டர்க்காரன் என்ஜினை அணைத்துவிட்டான், அவனும் உத்திராபதியை அறிந்தவன்தான், அவனும் இறங்கி நின்று "உத்திராபதிண்ணே!" என்று கத்தினான்.

இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து, மூட்டைகளுக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஒரு ஆணின் குரல் தமிழில் சொன்னது:

"வர்றேன்... வந்துட்டேன்."

அவ்வளவுதான். அதைக் கேட்ட கேம்ப்புப் பெண்களுக்குத் தமிழ் தெரியாமல் போனாலும், உள்ளே ஆள் இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. கடப்பாரை வந்தது. பூட்டு மூன்றாவது அடியில் தெறித்தது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயில் உத்திராபதி கிடந்தான், வலது கை முழங்கை வரை பழந்துணி சுற்றி, துணி கறுத்து, நாற்றமெடுத்து. தையல்நாயகி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு போனில், "கிடைச்சுட்டாரு" என்று சொன்னதைப் பிலோமினா உரக்கத் திரும்பச் சொன்னாள். ஊரில் களத்துக் கதவருகே ஜபருல்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ராஜமன்னாரின் கார் எப்போது கிளம்பிப் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

நடந்தது பிறகு தெரிந்தது. வேகமாகச் சுருட்ட வேண்டும் என்று ராஜமன்னார் மிஷினின் தடுப்புத் தகட்டைக் கழற்றிப் போடச் சொல்லியிருந்தார். சிக்கிய வைக்கோலை எடுக்கப் போன கையை உருளைகள் இழுத்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று ஒரு மருந்துக்கடையில் கட்டுப் போட்டுக் கொட்டகையில் கிடத்தியவர்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே நாலு நாள் போக்கியிருக்கிறார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் நகரத்து ஆஸ்பத்திரியில் அவனை அறுவைக்குக் கொண்டுபோன நேரத்தில், கட்டிலில் கட்டின் நசுங்கிய ஓரம் ஒரு சாண் நீளத்துக்குத் தானாக உதிர்ந்து கீழே விழுந்தது. அதை மாட்டுக்குப் போடவோ குப்பையில் எறியவோ யாருக்கும் மனம் வரவில்லை. சித்தப்பா துண்டை விரித்து அள்ளி, குளக்கரையில் குழி வெட்டிப் புதைத்தார், புதைத்த பிறகு குளித்தார். சூடு இறங்கத் தொடங்கியது. முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தாறு என்று இறங்கியது நிற்காமல் முப்பத்தைந்துக்கு வந்து அதற்கும் கீழே போனபோது, கடைசியாக நனைத்துப் போட்ட துணியை உருவி எறிந்துவிட்டு, வீட்டுக்கு வீடு கம்பளியும் ஜமுக்காளமும் கொண்டுவந்து போர்த்தினார்கள். அத்தனை போர்வைக்கும் கீழே கட்டு முத்து முத்தாக வியர்த்தது. பிலோமினா வியர்வையைத் துடைத்துத் துடைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பொழுது விடிகிற நேரத்தில் முப்பத்தாறு புள்ளி எட்டு என்று வந்து நின்றது. அவள் அதை நோட்டில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, அந்த இடத்திலேயே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ராஜமன்னார் மேல் இரண்டு மாநிலத்திலும் வழக்குப் போட்டார்கள். வைக்கோல் கட்டின் சாட்சி செல்லாது என்று வக்கீல் சொல்லிவிட்டார், பூட்டு உடைத்த பெண்களின் சாட்சி செல்லும் என்றும் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது. களம் வேறு ஒருவர் கைக்குப் போய், ஜபருல்லா அங்கேயே மேற்பார்வை செய்கிறார்.

இருபது நாள் கழித்து உத்திராபதி ஊர் வந்தான். மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கினவனை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள், சூழ்ந்தவர்கள் ஒவ்வொருவரும் அவனுக்குச் சொல்ல ஒன்று வைத்திருந்தார்கள். பதினேழாம் தேதி காலையில் உனக்குக் குளிர் எடுத்ததே, நான்தான் போர்த்தினேன் என்றார் ஒருவர். போன திங்கட்கிழமை மூன்று மணிக்குத் திடீரென்று சூடு ஏறியதே, என்ன கோபம் என்று கேட்டார் இன்னொருவர். அவன் எல்லோருக்கும் தலையாட்டினான், எல்லோரையும் கும்பிடப் போய், கும்பிட முடியாமல், இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்தான்.

வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் அவன் இளைத்துப்போனான். ராத்தூக்கம் இல்லை, பகல் தூக்கமும் இல்லை. பதறினால் தெருவில் நாலு பேர் வந்து நின்றார்கள். மனைவியோடு இரண்டு வார்த்தை உரக்கப் பேசினால் களத்திலிருந்து ஆள் வந்து, ஏன் தம்பி முப்பத்தேழைத் தாண்டிப் போகுது என்று அன்பாக விசாரித்தான். எட்டாம் நாள் காலை அவன் நேரே குளத்தின் அக்கரைக்குப் போனான்.

"கட்டைப் பிரிங்க" என்றான். "தெரு மாட்டுக்கெல்லாம் பங்கு வெச்சுடுங்க."

ஊர் பதறியது. பிலோமினா குறுக்கே வந்து நின்றாள். "உனக்குப் பைத்தியமா? இது உன் உயிரு. பிரிச்சா என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் தெரியாது சிஸ்டர். பயமாத்தான் இருக்கு. ஆனா என் உடம்பு என்கிட்ட இல்லாம அக்கரையில கிடக்குது. நான் சிரிச்சா நீங்க அங்க போய்ப் பார்க்கிறீங்க, அழுதா அங்க போய்ப் பார்க்கிறீங்க. நான் இங்க நிக்கிறேன். எனக்குக் காய்ச்சல் வந்தா என் நெத்தியில கை வெச்சுப் பாருங்க."

பிலோமினா தையல்நாயகியைப் பார்த்தாள். ஊரே அவளைப் பார்த்தது. இந்தக் கட்டு இல்லாவிட்டால் அந்தக் கொட்டகைக் கதவு இன்னும் பூட்டியிருக்கும் என்பது அங்கே மற்ற யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். அவள் வெகுநேரம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த கருக்கரிவாளை எடுத்து, நுனியால் மஞ்சள் வில்லையைக் கழற்றி ஜபருல்லாவிடம் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அறுத்தாள்.

கயிறு அறுந்ததும் உத்திராபதியின் தோள் ஒரு தடவை குலுங்கியது. கூட்டத்தில் யாரோ கத்திவிட்டார்கள். அவன் விழவில்லை. "ஒண்ணுமில்ல" என்றான். "நெஞ்சுல இறுக்கிக் கட்டினதை அவுத்துவிட்ட மாதிரி இருக்கு."

சுருள் தளர்ந்து வைக்கோல் கட்டிலில் பரவியது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்று எடுத்துக்கொண்டு போனார்கள். முதல் வீட்டுக்கார அம்மாள் தன் பங்கை முந்தானையில் ஏந்திப் போய்க் கிழட்டுப் பசுவுக்கு முன்னால் உதறினாள். தெருவில் இருந்த நாற்பது மாடுகளும் அதைத் தின்றன. வெயில் தாழ்ந்து அவை படுத்து அசைபோடத் தொடங்கிய நேரத்தில், வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உத்திராபதியின் தலை மெல்லச் சாய்ந்தது. தையல்நாயகி கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவன் மூக்கருகே விரல் வைத்தாள். நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"எவ்வளவும்மா?" என்று எதிர் வீட்டிலிருந்து பிலோமினா கேட்டாள்.

"தூங்குறாரு சிஸ்டர்" என்றாள் தையல்நாயகி. "சத்தம் போடாதீங்க."